விதைக்கோது படித்த பிள்ளை

“தெரியாது” என்பதை அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி வேறு எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களைப் போன்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சொல்வோம். அரசாங்கக் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் எங்களை அனுப்பிவிடுவதற்காகச் சொல்வார்கள். அவள் சொல்லும்போது முகம் தெளிந்திருக்கும். நல்ல பதில் ஒன்றைத் தந்துவிட்ட ஆளைப்போல எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கேட்டவர்கள்தான் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுவார்கள்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. கீழே நானும் இவரும். இவர் என்று எழுதுவது என் வீட்டுக்காரரை. துறைமுகத்துப் பக்கம் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு எடுத்தவர். பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு மேலே இருந்த அறையை வாடகைக்கு விட்டோம். அதற்கு வந்தவள்தான் இந்தப் பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயதைத் தாண்டியிருக்கும், கல்யாணம் கட்டவில்லை. ஒரு ஆய்வுகூடத்தில் பெரிய படிப்புக்காக வேலை செய்துகொண்டிருந்தாள். பெயரை எழுதமாட்டேன், அவளுக்கு அது பிடிக்காது. நேரில் மரியாதையாகத்தான் கதைப்பேன். எழுதும்போது, மகளை எழுதுவதுபோல, அவள் என்றே வருகிறது.

அறை பார்க்க வந்த நாளில் நான் குசினி வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். புது ஆட்கள் வந்தால் நான் அப்படித்தான், இவர்தான் கதைப்பார். என்ன படிக்கிறீர் என்று இவர் கேட்டார்.

“கஞ்சாச் செடியின்ர விதையைப் பற்றி, அங்கிள்” என்றாள்.

இவருக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. வேறு யாராவது என்றால் மூலிகை ஆராய்ச்சி என்று சொல்லி அறையை எடுத்திருப்பார்கள். அவள் இவர் இருமி முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு விளக்கினாள். போதைக்கு வளர்க்கிற வகை வேறு, விதைக்கும் நாருக்கும் வளர்க்கிற வகை வேறு, அதை ஹெம்ப் என்பார்கள், ஆய்வுகூடத்துக்கு அனுமதியோடுதான் விதை வருகிறது, வீட்டுக்கு ஒன்றும் வராது என்றாள். விதைக்குள் போதை இல்லையே என்று இவர் நிச்சயப்படுத்தக் கேட்டார்.

“இல்லை எண்டே சொல்லலாம் அங்கிள். ஆனா இலை, பூவில இருந்து கொஞ்சம் மேல்தோலில, அந்தக் கோதில ஒட்டிக்கொண்டு வரலாம். துண்டற இல்லை எண்டு சொல்ல மாட்டன்.”

வாடகைக்கு வீடு தேடுகிற ஒரு ஆள் இப்படிக் கதைத்து நான் கண்டதில்லை. இவர் சிரித்துக்கொண்டு அறைத் திறப்பைக் கொடுத்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாத ஆள், வாடகையும் ஒழுங்காக வரும் என்று என்னிடம் சொன்னார்.

இவரின் தங்கச்சி கனடாவில். எனக்கு மச்சாள். வேல் விழாவுக்கு வரும்போதெல்லாம் சூட்கேஸ் நிறையச் சாமான் கொண்டுவருவா. சொக்லேட், நோவுத் தைலம், விற்றமின். ஒருமுறை பச்சைநிறப் பைக்கற்றுகள் வந்தன. முன்னால் பெரிதாகக் கஞ்சா இலையின் படம், விரலை விரித்துப் பிடித்த மாதிரி. அந்த இலையை நான் பேப்பரில் பொலிஸ் ஆட்களைப் பிடித்த செய்திக்குப் பக்கத்தில்தான் கண்டிருக்கிறேன். அங்கே சுப்பர்மார்க்கெற்றில் அரிசிக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள், பயப்பிடாதேங்கோ என்று மச்சாள் சிரித்தா. தனக்கு முழங்கால் நோ போனதே இதனால்தான் என்றா. நான் பைக்கற்றைக் கவிழ்த்து வைத்தேன்.

மச்சாள் போய்க் கொஞ்ச நாளில், மழை தொடங்கினதும், டெங்கு நுளம்பு பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒரு சுகாதாரப் பரிசோதகர், கூடவே ஒரு பொலிஸ்காரர். இவர் சந்திக்குப் போயிருந்தார். பைக்கற் குசினி மேசையில் கிடந்தது. நான் ஓடிப்போய் அரிசி புடைக்கிற சுளகால் மூடினேன். பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணி தேங்குகிற தட்டைப் பார்க்க அவர்கள் குசினிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். எனக்குச் சிங்களம் விளங்கும், வாயில் வராது. சுளகின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. கீழே என்ன என்று பரிசோதகர் கேட்டார்.

அன்றைக்கு லீவு, பிள்ளை மேலே நின்றாள். சத்தம் கேட்டு இறங்கி வந்தவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, சுளகைத் தூக்கி, பைக்கற்றை அந்த மனுசனிடமே கொடுத்தாள். இது ஹெம்ப் விதை, கோது நீக்கினது, சாப்பிடுகிறது, போதை வராது என்று சிங்களத்தில் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். “ஆனால் இதை நாட்டுக்குள்ளே கொண்டுவரலாமோ என்று எனக்குச் சரியாகத் தெரியாது, சேர்” என்றும் சேர்த்துச் சொன்னாள்.

பரிசோதகர் பொலிஸ்காரரைப் பார்த்தார். பொலிஸ்காரர் இலையைப் பார்த்தார். 

“நங்கி, மம ஆவே மதுருவோ பலண்ட” என்றார் பரிசோதகர். தங்கச்சி, நான் வந்தது நுளம்பு பார்க்க.

பொலிஸ்காரர் பைக்கற்றைக் குலுக்கிப் பார்த்தார். இது சீனி வருத்தத்துக்கு நல்லதா, தன் மனிசிக்கு இருக்கிறது என்று இரகசியமாகக் கேட்டார். அதற்கும் அவள் தெரியாது என்றுதான் சொன்னாள். ஆனால் என்னென்ன தெரியாது, ஏன் தெரியாது என்று அவ்வளவு அக்கறையாகச் சொன்னதில் அந்த மனுசன் சந்தோசமாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பிறகு நான் கேட்டேன், ஏன் பிள்ளை கேட்காததையும் சொன்னனீங்கள் என்று.

“பாதியைச் சொன்னா மிச்சப் பாதியை அவர் நினைச்சுக்கொள்ளுவார் அன்ரி. அது உள்ளதை விடப் பெரிசா இருக்கும்” என்றாள்.

அதன் பிறகு எனக்கு அந்த விதையில் இருந்த பயம் போய்விட்டது. எள்ளைப்போலத்தானே என்று நினைத்து, ஒருநாள் தாச்சியில் போட்டு நன்றாகச் சிவக்க வறுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்துப் பொடி செய்தேன். இடியப்பத்தோடு வைத்தேன். பிள்ளை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சத்துத்தானே என்று இவர் பெருமையாகக் கேட்டார். அவள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ருசிக்குக் குறையில்லை, ஆனால் இந்த விதையின் நல்ல எண்ணெய் சூடு தாங்காது, இப்படி வறுத்தால் அதில் கனக்கக் கெட்டுப்போகும் என்றாள். எனக்கு முகம் சுருங்கியதைக் கண்டுவிட்டு, “புரதம் இருக்கு அன்ரி, அது எங்கயும் போகேல்லை” என்று அவசரமாகச் சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ என்று நினைத்தேன். இல்லை, புரதம் இருந்தது உண்மை, அதனால்தான் சொன்னாள். அவளிடம் ஆறுதல் வேண்டுமென்றால் அது உண்மைக்குள் கிடந்தால்தான் எடுத்துத் தருவாள்.

பிறகு நான் வறுப்பதில்லை. ஆறின குரக்கன் கஞ்சிக்கு மேலே தூவிக் கொடுப்பேன்.

பௌர்ணமிக்கு லீவு விடுகிற போயா நாட்களில் எங்களோடு இருந்து சாப்பிடுவாள். அப்போது இவர் அவளிடம் விதையைப் பற்றிக் கதை பிடுங்குவார். நான் பரிமாறிக்கொண்டு கேட்பேன். ஒரு மிளகளவும் வராத விதை. அதற்குள் எவ்வளவு இருக்கிறதென்று அவள் சொல்லச் சொல்ல எனக்குக் கோயிலில் நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற பருப்பில் எங்கள் உடம்பு தானாகச் செய்ய முடியாத எண்ணெய் இருக்கிறது, மீனில் இருக்கிற சாதியோடு சேர்ந்தது. நல்ல புரதம் இருக்கிறது. சனம் பருப்பைத்தான் தின்கிறது, கடையில் கோதை நீக்கித்தான் விற்கிறார்கள். இவள் படித்தது அந்தக் கோதை. கொட்டுகிற கோதுக்குள் வேறெங்கும் இலேசில் கிடைக்காத பொருட்கள் இருக்கின்றனவாம். பெயரும் சொன்னாள், எனக்கு வாயில் நிற்கவில்லை.

கடவுள் எங்களுக்காக வைத்திருக்கிறார் என்று நான் சொன்னேன். அவள் யோசித்தாள்.

“செடி தனக்காகச் செய்து வைச்சது அன்ரி. பூச்சி கடிக்காம, பூஞ்சணம் பிடிக்காம, தன்ர குஞ்சு தப்பவேணும் எண்டு. எங்களை அதுக்குத் தெரியாது. அது எங்களுக்கும் உதவுமோ எண்டுதான் பாக்கிறம்.”

குஞ்சு என்று அவள் சொன்னது எனக்குள் அப்படியே இருந்துவிட்டது. ஒரு செடி, ஆரையும் நினைக்காமல், தன் பிள்ளைக்குப் போர்த்திவிட்ட போர்வை. அதைப் பிரித்துப் பார்க்கிற வேலை இவளுக்கு.

இவர் அதிலெல்லாம் நிற்கமாட்டார். எதற்கு நல்லது, பிரசருக்கு நல்லதா என்று நேராகக் கேட்பார். இவருக்கு நீண்டகாலப் பிரசர். அவள் ஒளிக்கவில்லை. அந்தப் புரதம் செமிக்கும்போது துண்டு துண்டாக உடைகிறது, அந்தத் துண்டுகள் சில, டொக்டர் எழுதிக் கொடுத்து இவர் போடுகிற குளிசை உடம்பில் எந்த இடத்தைப் பிடிக்கிறதோ அதே இடத்தைப் பிடிக்கின்றன, கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றாள். உடனே, வழக்கமாகச் சொல்லுகிறதையும் சொன்னாள்.

“இருக்கிறது வேற, செய்யிறது வேற, உங்களுக்குச் செய்யிறது வேற, அங்கிள்.”

இவர் தலையாட்டினார். முதல் பாதியைத்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒருநாள் பின்னேரம் வேலையால் வந்தவள் மேலே போகாமல் படியிலேயே இருந்துவிட்டாள். முகம் வேறு மாதிரி இருந்தது. சுகமில்லையோ என்று பயந்து தண்ணி கொண்டுபோனேன். அவள் தன் போனில் ஒரு படம் காட்டினாள். இட்டலித் தட்டைப்போல, ஆனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு தட்டு. அதில் சின்னச் சின்னக் குழிகள். ஒரு பக்கக் குழிகளில் கடும் ரோசா நிறத் தண்ணி. வரிசையாகப் போகப்போக நிறம் மங்கி மறுகரையில் நிறமே இல்லாத வெறும் தண்ணி மாதிரி.

எலியின் உடம்பில் இருந்து வந்த உயிரணுக்களை அந்தக் குழிகளில் வளர்த்து, கிருமியின் சத்து ஒன்றைப் போட்டு அதுகளை எரிச்சல்படுத்துவார்களாம். எங்களுக்கு மூட்டு வீங்கி எரிகிற மாதிரி. எவ்வளவு எரிகிறதோ அவ்வளவுக்கு ரோசா நிறம் வரும். இவள் கோதில் இருந்து எடுத்த சத்தைக் கூட்டிக் கூட்டிப் போட, நிறம் மங்கிக்கொண்டு போயிருக்கிறது.

“அப்ப எரிச்சல் அடங்கிவிட்டது” என்றேன்.

“அப்பிடித்தான் நானும் முதல் நினைச்சனான். ஆனா அன்ரி, உயிரணு செத்துப்போனாலும் ரோசா வராது. அடங்கினதும் செத்ததும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும்.”

அதனால் அந்தப் படத்தை அவள் எவருக்கும் காட்டாமலே வைத்திருந்திருக்கிறாள். திரும்பத் திரும்பச் செய்து, அதுகள் உயிரோடுதான் இருக்கின்றனவா என்று வேறு விதமாகவும் பார்த்து, அன்றைக்குத்தான் நிச்சயமாகியிருக்கிறது. உயிரோடு இருந்தன. உயிரோடு, அமைதியாக இருந்தன. இதைச் சொல்லும்போது அவள் சத்தம் மிகச் சின்னதாகிவிட்டது. நான் வாழ்நாள் முழுக்க எத்தனையோ சந்தோசத்தை அந்தந்த இடத்திலேயே நம்பிவிட்டேன். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்ததில்லை.

அம்மாவுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவள் போனைத் திருப்பி மடியில் வைத்தாள்.

அவளுடைய அம்மாவுக்கு மூட்டுவாதம். விரல்கள் மடங்கிவிட்டன, சட்டைப் பொத்தான் பூட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் படியில் இருந்துதான் அம்மாவோடு கதைப்பாள், அங்கேதான் சிக்னல் நல்லது. குசினிக்குள் எனக்குக் கேட்கும். அம்மா ஒவ்வொரு முறையும் கைக்கு மருந்து கிடைத்ததா என்று ஒன்றையே கேட்பா போலிருக்கிறது. இவளும் ஒன்றையே சொல்வாள். “இல்லையம்மா. இன்னும் இல்லை.” ஆய்வுகூடத்தின் குளிர்ப்பெட்டியில் அந்தச் சத்து இருக்கிறது. இவள் கையாலேயே எடுத்தது. அம்மாவின் கையும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இவள் நின்றுகொண்டு இன்னும் இல்லை என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் சொன்னாள், தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவளை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பிற்பாடு படிப்பின் அடுத்த பகுதிக்கு அவள் வெளிநாடு போன நாளிலும் அந்த அம்மாவின் விரல்கள் அப்படியேதான் இருந்தன.

இனி இவரின் கதைக்கு வருகிறேன்.

அவள் எங்களோடு இருந்த அந்த வருசம் இவருக்கு ஓயாத இருமல் இருந்தது. பிறகு ஒருமாதிரி நின்றது. மச்சாள் தந்த விதையைக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டு வந்ததால் நின்றது என்றுதான் நாங்கள் நினைத்தோம், மச்சாளுக்கும் போனில் அப்படித்தான் சொன்னோம். ஒருநாள் விறாந்தையில் குரோட்டன் சட்டிக்குத் தண்ணி ஊற்றும்போது மண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கிளறினேன். குளிசைகள். பாதி கரைந்ததும் முழுதுமாக. காலையில் நான் கையில் வைத்துவிட்டு உள்ளே போனதும் இவர் சட்டிக்குள் போட்டு மண்ணை மூடியிருக்கிறார்.

கேட்டபோது இவருக்குக் கோபம் வந்துவிட்டது. மருந்துக் கம்பனிக்காரனுக்கு உழைத்துக் கொடுத்தது போதும் என்றார். மேல்வீட்டுப் பிள்ளையே சொல்லிவிட்டாள் குளிசையின் வேலையை விதை செய்யும் என்று, உனக்கென்ன தெரியும் என்றார். இவரின் அண்ணன் இதே பிரசரில்தான் பாரிசவாதம் வந்து வாய் கோணிப் படுத்துச் செத்தவர். அந்தப் படுக்கையை நான்தான் துடைத்தேன்.

முழங்கால் நோவால் நான் மேல்மாடிக்கு ஏறுவதில்லை. அன்று ஏறினேன். பிள்ளை கதவைத் திறந்து என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை.

“பிள்ளை, அந்த விதையில ஒண்டுமில்லை எண்டு அவரிட்டச் சொல்லிவிடுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் கேப்பார்.”

சட்டிக்குள் கிடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

“நான் சொன்னதைக் கேட்டுத்தானே நிப்பாட்டினவர்” என்றாள். பிறகு, “அதில இருக்கு அன்ரி. இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“ஒரு பொய்தானே பிள்ளை. ஆள் விழுந்திட்டா...”

அவள் யன்னலடிக்குப் போனாள். கீழே ரயில் ஒன்று போய் முடிந்தது. “பொய் சொல்ல மாட்டன் அன்ரி. ஆனா வாறன்” என்றாள்.

படி இறங்கும்போது எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. தன் வாய் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக என் மனுசனைக் கைவிடப் போகிறாளே என்று நினைத்தேன்.

இவர் கதிரையில் இருந்து எங்கள் இருவரையும் பார்த்தார். “வாயே திறக்காத மனிசி படியேறிப்போய் வழக்குப் பேச அப்புக்காத்துப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறா” என்றார். பிள்ளை சிரிக்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்த சின்ன முக்காலியில் இருந்தாள்.

“நேரச் சொல்லும் பிள்ளை. அந்த விதையில பிரசருக்கு உள்ள சாமான் இருக்கோ, இல்லையோ?”

“இருக்கு அங்கிள்.”

இவர் என்னைப் பார்த்தார். கோட்டில் வழக்கு வென்ற மாதிரி.

“குழாயில அது செய்யிறதும் உண்மை” என்றாள் பிள்ளை. “ஆனா நீங்கள் ஒரு கரண்டி சாப்பிட்டா, அதில எவ்வளவு வயித்தில தப்பி ரத்தத்துக்குப் போகுது எண்டு எனக்குத் தெரியாது. போனாலும் அந்த அளவு உங்கட பிரசருக்குக் காணுமோ தெரியாது. குளிசையில எவ்வளவு இருக்கு எண்டு பெட்டியில எழுதிக் கிடக்கு. எத்தினையோ ஆக்களுக்குக் குடுத்துப் பாத்துத்தான் எழுதியிருக்கினம். குளிசையை விட்டிட்டு இந்த விதையைச் சாப்பிடலாம் எண்டு அப்பிடி ஒருத்தரும் பாத்து முடிச்சதா நான் அறியேல்லை. அண்டைக்கு இதை நான் வடிவாச் சொல்லேல்லை. அது என்ர பிழை.”

பிரசர் பார்க்கிற மெசின் ஒன்றும் மச்சாள் தந்து அலுமாரியில் கிடந்தது. எடுத்துவரச் சொல்லி இவரின் கையில் சுற்றினாள். எண்ணைப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்தாள். மெசின் பிழை என்றார் இவர். அவள் தன் கையில் சுற்றிப் பார்த்தாள், பிறகு என் கையில். எங்கள் இருவருக்கும் சரியாகவே காட்டியது. திரும்ப இவருக்குச் சுற்றினாள். அதே எண்தான்.

தோற்கப் போகிற நேரத்தில் இவர் எங்கே அடிப்பது என்று பார்ப்பார். அப்படிப் பார்த்து ஒன்றைக் கேட்டார்.

“உம்மட அம்மாவுக்கு அந்தக் கோதுச் சத்தைக் குடுத்தனீரோ?”

நான் நிலத்தைப் பார்த்தேன். கேட்கக்கூடாத கேள்வி.

“இல்லை அங்கிள்.”

“ஏன்? நல்லது எண்டு கண்டும்?”

“தட்டில கண்டனான். அம்மாவின்ர ஈரலுக்கு அது என்ன செய்யும் எண்டு தெரியாது.” முக்காலியைக் கிட்ட இழுத்தாள். “குடுத்தா அம்மா அண்டைக்கே கை சுகம் எண்டு சொல்லுவா அங்கிள். எனக்காகச் சொல்லுவா. பிறகு உண்மை எது எண்டு நான் எப்பிடி அறியிறது?”

இவர் மெசினின் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். என் கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. தன் தாய்க்கே பொய்யாக ஒரு சந்தோசத்தைக் கொடுக்காதவள் எங்களுக்கு எப்படிக் கொடுப்பாள். அவள் எங்களையும் தாயோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். குளிசையை ஏன் நிற்பாட்டினீர்கள் என்று. கோபமாக இல்லை, தெரியாததை அறிந்துகொள்கிற மாதிரி. இத்தனை வருசம் கூட வாழ்கிற நானும் அதைக் கேட்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சத்தம் போட்டேனே தவிர, கேட்கவில்லை.

இவர் மேலே சுற்றுகிற ஃபானைப் பார்த்தார். “அந்தக் குளிசை தொடங்கின பிறகுதான் பிள்ளை இருமல்” என்றார். “கொரோனாவுக்குப் பிறகு இருமுற ஆளைச் சனம் பாக்கிற பார்வை உமக்குத் தெரியுந்தானே. பஸ்ஸில பக்கத்தில இருந்த மனிசி எழும்பிப் போச்சுது. கோயிலிலயும் தள்ளி நிண்டுதுகள். நிப்பாட்டினன், இருமல் நிண்டுது.”

“டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?”

“அங்க எங்க சொல்லுறது. பின்னால அவ்வளவு சனம். ஒழுங்காப் போடுறீங்களோ எண்டு கேப்பினம். ஓம் எண்டிட்டு வாறதுதானே.”

அந்தச் சாதிக் குளிசையால் சிலருக்கு அப்படி வறட்டு இருமல் வருவதுண்டு என்று படித்திருப்பதாகப் பிள்ளை சொன்னாள். இவருக்கும் அதனால்தானா என்று தன்னால் சொல்ல முடியாது, தான் டொக்டர் இல்லை, ஆனால் வேறு சாதிக் குளிசையும் இருக்கிறது என்றாள். “நாளைக்கே போங்கோ அங்கிள். ஓம் எண்டு சொல்லாம உள்ளதைச் சொல்லுங்கோ. விதையையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ.”

அடுத்தநாள் நானும் கூடப் போனேன். பைக்கற்றைச் சேலைக்கடைப் பைக்குள், இலைப் பக்கம் உள்ளே திரும்பியிருக்க வைத்துக்கொண்டு போனார். எங்கள் முறை வந்தது. டொக்டர் எழுதிக்கொண்டே, குளிசை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். கடைக்குப் போனாலும் விலை குறைக்கச் சொல்லி உரத்துக் கதைக்கிற மனுசன், அன்று சத்தம் எழும்பவில்லை.

“இல்லை டொக்டர். நிப்பாட்டிப்போட்டன்.”

எழுதின கை நின்றது. டொக்டர் நிமிர்ந்து இவரை முழுதாகப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்தரம். இருமல், சட்டி, விதை எல்லாவற்றையும் இவர் சொன்னார். டொக்டர் ஏசவில்லை. இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொன்னார். பிரசர் பார்த்தார். வேறு குளிசை எழுதினார். விதையைச் சாப்பாட்டில் தூவிச் சாப்பிடுங்கள், ஆனால் குளிசைக்குப் பதிலாக இல்லை என்றார்.

அன்று பின்னேரம் இவர் பிள்ளை வரும்வரை கேற்றில் நின்றார். நான் விறாந்தைக் கதவடியில் நின்றேன். அவள் காலி ஊருக்குப் போகிற பெரிய வீதியில் பஸ்ஸால் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வந்தாள். வந்ததும் இவர் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். நான் என்றால், பார்த்தீர்களா அப்பவே சொன்னேனே என்றிருப்பேன். யாரென்றாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவள் புதுக் குளிசை அட்டையை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பெயரை வாசித்தாள்.

“அப்ப இனி இருமல் வராது, என்ன பிள்ளை?” என்று இவர் கேட்டார். சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் அட்டையை அவர் கையில் திருப்பி வைத்தாள்.

“கொஞ்ச நாள் பாப்பம் அங்கிள். வராட்டி எனக்குச் சொல்லுங்கோ” என்றாள். “வந்தாலும் சொல்லுங்கோ. அதைத்தான் கட்டாயம் சொல்லவேணும்.”